எருக்கலை வாழ்த்து

ரோசா கேட்பார்கள். எல்லாருக்கும் ரோசாதான்.
ஒரு வட்டம், சுருள்வெட்டு, பென்சிலில் சுற்றி
நுனியை நகத்தால் ஒருக்கா வெளியே மடக்கினால்
மூன்று நிமிடம்.
பகல் முழுக்க மருந்துக்கடையில்
பைக்குள் குளிசை எண்ணிப்போட்ட கை
இரவில் இதழ் எண்ணுகிறது.
பெரிய வித்தியாசமில்லை,
இதிலும் ஒன்று கூடினால் பிழை.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வரும் துண்டுத்தாளைத்தான்
இதழுக்கு எடுப்பேன்.
வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசு,
சாயத்தில் ஊறினாலும் எழுத்துப் போகாது.
பிறந்தநாள் வாழ்த்தில் இருக்கும் ரோசாவைக்
கண்ணுக்குக் கிட்டப் பிடித்தால்
தலைச்சுற்று, வாய் காய்தல்,
அரிதாகச் சிலருக்கு மூச்சுத்திணறல் என்று வாசிக்கலாம்.
ஒருவரும் பிடித்ததாகத் தெரியவில்லை.

மாரி தொடங்கின கிழமை
நாகேந்திரம் அண்ணை வந்தார்.
"எருக்கலைப் பூ செய்வியோ?"
எருக்கலையோ?
"ஓம். பக்கத்து வளவு முழுக்க அதுதான்.
சச்சிக்கு எழுதி எழுதிப் பேனை முடிஞ்சுது.
போன் எடுத்தால் பனி கொட்டுதெண்டு வைக்கிறான்.
பி.எச்.ஐ. வந்து நுளம்புக்கு என்னட்டை நோட்டீசை நீட்டுறார்.
கார்த்திகையில அவனுக்கு அறுபது.
தன்ரை காணியில என்ன பூத்திருக்கெண்டு
அவனே பாக்கட்டும்."

ஞாயிறு காலை
கதியால் உக்கின பொட்டுக்குள்ளால் நுழைந்தேன்,
அடிமட்டம், கொப்பி, சின்னக் குறடு.
ஆனைக்கோட்டையில் இப்படியும் ஒரு காடா!
கிணற்றுக்கட்டோடு ஒன்று, ஆளுயரம்.
குளியலறை இருந்த இடத்தில் ஏழு.
ஒரு பூவைக் கிள்ள, பால் விரலில் ஒட்டியது.
கண்ணில் படவிடாதே, பட்டால் உடனே கழுவு என்று
எனக்கு நானே சொன்னேன், கடைப்பழக்கம்.

தினம் சைக்கிளில் கடந்துபோகிற பூ.
பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.
மெழுகில் வார்த்ததுபோல் ஐந்து இதழ்.
நடுவில் முடி. முடிக்கு ஐந்து கால்.
ஒவ்வொரு காலும் அடியில் மேல்நோக்கிச் சுருண்டு,
உச்சியில் ஐங்கோண மூடி,
அதன்மேல் ஒரு கட்டெறும்பு
வழி தெரியாமல் ஐந்து பக்கமும் போய்வந்தது.

நான்கு இரவு போனது.
பீற்றூட் தண்ணீருக்குள் உடுப்புக்குப் போடும் நீலம் இரண்டு துளி.
முதல் தரம் காய்ச்சல் பாணியின் நிறம்,
அடுத்தது அடிபட்டுக் கண்டின நிறம்.
மூன்றாம் தரம் வந்தது.
காய்ந்த தாளில் மெழுகுதிரியை உரசித் தடிப்பாக்கினேன்.
தபாற்கந்தோரில் பெடியன் விரலால் அமத்திப் பார்த்து,
"இது காட் இல்லை அக்கா, பார்சல்" என்றான்.
மூடினால் படுத்து, திறந்தால் எழும்பும்படி
திரும்பவும் முதலிலிருந்து.

மார்கழி நடுவில் அண்ணை கடைக்கு வந்தார்.
ஒரு கார்ட் பனடோல் கேட்டார்.
கேட்டுவிட்டு நின்றார்.
"சச்சி எடுத்தவன்."
என்னவாம்?
"என்ன வடிவான பூ, எந்த நாட்டுப் பூ எண்டு கேக்கிறான்.
மனிசி பிரேம் போட்டுச் சுவரில மாட்டியிருக்காம்."
மகளுக்கு ஆவணியில் கலியாணமாம்.
அழைப்பிதழுக்கு இருநூற்றைம்பது பூ வேண்டுமாம்.
முற்பணம் அண்ணையின் பேரில் வந்திருக்கிறது.
காணியைப் பற்றி?
"பனி கொட்டுதாம்."

கத்தி தீட்டக் கொடுத்திருக்கிறாராம்.
சனிக்கிழமை தானே இறங்கி வெட்டப்போகிறார்.

எனக்கு அந்தக் கால்களின் அடிச்சுருள்
இன்னும் சரிவரவில்லை,
ஒவ்வொரு தரமும் போய்ப் பார்த்துத்தான் மடிக்கிறேன்.
கிணற்றடியில் நிற்கிறதை மட்டும் விடுங்கோ அண்ணை,
ஆவணி மட்டும், என்றேன்.
மிச்சக் காசை இரண்டு தரம் எண்ணினார்.
"அப்ப நுளம்பு?"

தட்டிலிருந்து நுளம்புச்சுருள் பெட்டி ஒன்றை எடுத்து
அவர் பக்கம் தள்ளினேன்.
பில் போடவில்லை.